ஓக்கிபெனோக்கிச் சதுப்புவனம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஜார்ஜியாவின் தென்கிழக்கிலும் பிளாரிடாவின் வட எல்லையிலும் பரந்து கிடக்கும் நன்னீர்ச் சதுப்பு. நீரின்மேல் மிதக்கும் மக்கிய தாவரப் படலத்தில் காலடி பட்டதும் அருகிலுள்ள செடிகளும் சிறு மரங்களும் அசைந்தாடுவதால், ஆதிகுடிகளின் மொழியில் ‘நடுங்கும் பூமி’ என்னும் பொருள்பட இந்நாமம் ஏற்பட்டதென்பர். 1891இல் நீரை வடித்து நிலமாக்கும் நோக்குடன் ஒரு வணிகக் குழுவினர் வெட்டத் தொடங்கி, முடியாமற் கைவிட்ட சுவானிக் கால்வாயே இன்று யாத்திரிகர்களின் படகுப் பாதையாக விளங்குகிறது. சைப்பிரஸ் மரங்கள் பெருமளவில் வெட்டுண்ட பின்னர், 1937இல் இது வனவிலங்குச் சரணாலயமாயிற்று; 1974இல் இதன் பெரும்பகுதி வனாந்தரமென்ற சட்டப் பாதுகாப்பையும் பெற்றது.

இலைதழைகளின் துவர்ச்சத்து ஊறியமையால் கருமையாய்த் தோன்றி, உள்ளங்கையில் அள்ளினால் நீர்த்த தேயிலைச் சாயம்போல் காணப்படும் இந்நீரில், கண்களும் நாசியும் மாத்திரம் வெளித்தெரிய அலிகேட்டர் முதலைகள் அசைவற்றுக் கிடக்கும். கருங்கரடி, மணற்குன்றுக் கொக்கு, பூச்சிகளை வழுக்கி விழச்செய்து ஜீரணிக்கும் குடுவைச்செடி ஆகியனவும் இங்குள. படகில் சென்று இரவு தங்க விழைவோர் முன்னனுமதி பெறல் அவசியம். இங்கு உற்பத்தியாகும் சுவானி நதி மெக்சிகோ வளைகுடாவையும், செயின்ட் மேரிஸ் நதி அட்லாண்டிக் சமுத்திரத்தையும் அடைகின்றன.