முதலிடம் யாருக்கு?

அண்மையில் ஒரு மாலை, பாடசாலை விட்டு வரும் வழியில், ஓட்டமாவடிப் பாலத்தருகே நம் மாணவர் இருவர் வழக்காடிக்கொண்டிருக்கக் கண்டோம். இரண்டு பாடல்களில் எது சிறந்தது என்பது வழக்கு. ஒருவன் கைத்தொலைபேசியை நம் முன் நீட்டி, “இதப் பார்த்தவங்க இத்தின கோடி, சேர்!” என்றான். மற்றவன் வாயடைத்துப் போனான். எண்ணுக்கு எதிராக என்ன வாதம் செய்வது?

ஆயினும் அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், யாரை எண்ணாது விட்டார்கள் என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்பியே ஆகவேண்டும். விடை தேட 1952ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் இலண்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் வார இதழ், அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலைப் பிரித்தானியாவில் முதன்முதலாக வெளியிட்டது. அதற்குமுன் பாடல்களின் செல்வாக்கு, இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனை கொண்டே அளக்கப்பட்டது. இதழின் விளம்பரப் பொறுப்பாளர் பேர்சி டிக்கின்ஸ் ஏறத்தாழ இருபது கடைகளைத் தொலைபேசியில் அழைத்தார். கடைக்காரர்கள் சொன்னதைக் கூட்டிப் பன்னிரண்டு இடங்களை வகுத்தார். முதலிடம் பெற்றவர் அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோ. ஒரு நாட்டின் இசை விருப்பம் என்று அறிவிக்கப்பட்டது, உண்மையில் அந்தச் சில கடைகளின் கல்லாப்பெட்டி சொன்ன கணக்கே. பட்டியலின் நோக்கமும் இசைத்தட்டுக் கம்பெனிகளின் விளம்பரத்தை ஈர்ப்பதாகவே இருந்தது.

அன்றைய 78 சுற்று இசைத்தட்டு அரக்கினால் ஆனது. உலகின் அரக்குக்கு இந்தியாவே தலையாய ஊற்று. அதிலும் சோட்டா நாக்பூர்க் காடுகளில் பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டித் திரட்டியதே மிகுதி. இலண்டன் பட்டியலில் அவர்களுக்கு இடம் ஏது?

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலண்டனில் பட்டியல் பிறந்து மூன்று வாரம் நிறையுமுன், டிசம்பர் 3ஆம் நாள் புதன்கிழமை, இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. பற்பசைக் கம்பெனியின் பணத்தில் பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்பு வந்து, இந்தியா எங்கும் ஒலித்த இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி அது. அறிவிப்பாளர் அமீன் சயானி. அதே ஆண்டில் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடலைத் தரங்குறைந்ததெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அது அருகி மறைந்தது. மேலோர் அடைத்த வாயிலைச் சந்தை திறந்துவிட்டது. மக்களின் சுவையை இகழ்பவர், அந்த மக்களை வணிகனிடமே ஒப்படைக்கிறார் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கீத்மாலாவின் கணக்கில் ஒரு சிறப்பும் உண்டு. தொடக்கத்தில் ஏழு பாடல்கள் ஒலிக்கும். நேயர்கள் அவற்றை வரிசைப்படுத்திக் கடிதம் எழுதுவர். முதல் நிகழ்ச்சிக்கே ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. பின்னர்த் தரவரிசை வந்தபோது கடைகளின் விற்பனைக் கணக்கோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் சேர்க்கப்பட்டது. இசைத்தட்டு வாங்க வகையற்றவனும், தேநீர்க்கடை வானொலியில் கேட்டுவிட்டு ஓர் அஞ்சலட்டை எழுதலாம். இலண்டன் பட்டியல் வாங்கியவனை மட்டும் எண்ணியது. கொழும்பிலிருந்து ஒலித்த பட்டியல் கேட்டவனையும் ஓரளவு எண்ணியது. இரண்டும் வணிகத்தின் பிள்ளைகளே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

பாடியவனை எண்ணிய பட்டியல் உண்டா? 1956இல் பிரித்தானியப் பட்டியலின் முதல் பத்துக்குள் ‘ராக் ஐலண்ட் லைன்’ என்ற பாட்டு ஏறியது. பாடியவர் லொனி டொனகன். அப்பாட்டின் வேரோ அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலச் சிறைகளில் கிடந்தது. அங்கே கறுப்பினக் கைதிகள் பாடியதை 1934இல் ஜோன் லோமாக்ஸ் பதிவு செய்தார். உடன் சென்ற கறுப்பினப் பாடகர் லெட்பெலி அதைக் கற்றுப் பரப்பினார். 1949இல் லெட்பெலி இறந்துபோனார். ஏழாண்டு கழித்துப் பாட்டு விற்பனையில் ஏறியபோது, டொனகனுக்கே ஒலிப்பதிவுக் கூலிக்கு மேல் பங்கு கிட்டவில்லை. அவ்வாறாயின், அந்தக் கைதிகளுக்குக் கிட்டியது யாது?

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. நமது வட்டைகளில் சூடு மிதிக்கையில் எழுந்த பொலிப்பாட்டை ஆக்கியவர் யார்? நெல் போடியாரின் பட்டறைக்குப் போயிற்று, கூலி பாடியவனுக்கு, பாட்டோ காற்றோடு போயிற்று. இளம்பெண்ணின் ஏக்கத்தைக் கவியாகக் கட்டிய நம் மூத்தம்மாமாரை எந்தக் கடை எண்ணியது? பண்டிதர் வீ. சீ. கந்தையா போன்றோர் மட்டக்களப்பு மக்களின் பாடல்களை ஏட்டில் ஏற்றியிராவிட்டால், எஞ்சிய சிலவும் நமக்குக் கிட்டியிரா. விற்காத பாட்டு எந்தப் பட்டியலிலும் கடைசி இடத்தில்கூட நில்லாது. அது இல்லாததாகவே ஆகிவிடும்.

இதனால் விற்ற பாட்டெல்லாம் இழிந்தது என்று நாம் சொல்லவில்லை. போருக்குப் பின் பிரித்தானியத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தம் கூலியிலிருந்து ஷில்லிங் எடுத்து வாங்கிய தட்டிலும், அஞ்சலட்டை எழுதிய ஏழை நேயனின் தேர்விலும் உண்மையான மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியை நாம் மதிக்கிறோம். எண்ணிக்கையே நீதிபதி என்பதைத்தான் மறுக்கிறோம்.

அந்த மாணவர்களிடம் இவ்வளவும் சொன்னோம். வாயடைத்து நின்றவன், “எங்கட மூத்தம்மாவுக்கு நெறையக் கவி தெரியும், சேர், ஆனா ஆரும் கேக்கிறல்ல” என்றான். கோடி என்று சொன்னவனிடமே நாம் வேலையைக் கொடுத்தோம்: “உன் தொலைபேசியில் ஒலிப்பதிவும் உண்டல்லவா? வெள்ளிக்கிழமை இருவரும் போய் அவரிடம் கேளுங்கள். பாட்டை மட்டுமன்று, அவர் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் எழுதி வாருங்கள்.”