தமிழ்நாட்டில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு

தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்பது, மாணவரின் கற்றலை ஆண்டு இறுதித் தேர்வை மட்டும் கொண்டு அளக்காமல், ஆண்டு முழுவதும் கவனித்து அளக்கும் முறையாகும்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதை வலியுறுத்தியது. 8ஆம் வகுப்பு முடியும் வரை எக்குழந்தையும் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறத் தேவையில்லை என்றும் கூறியது.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையுடன் சேர்த்து 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளிலும், அடுத்த ஆண்டு 9ஆம் வகுப்பிலும் இம்முறை அறிமுகமானது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்கள். வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. மொத்த மதிப்பெண் தரநிலையாக மாற்றப்பட்டது. 91 முதல் 100 வரை பெற்றால் 'ஏ1'.

கடன் வாங்கிக் கழித்தலில் ஒரு குழந்தை தடுமாறுவது சிறு தேர்விலேயே தெரிந்தால், மறுவாரமே மீண்டும் கற்பிக்கலாம். ஆண்டு இறுதியில் தெரிந்தால், அக்குழந்தை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். வளரறி மதிப்பீட்டின் பயன் இதுவே.

எனினும் சில வகுப்பறைகளில் செயல்பாடு என்பது படம் ஒட்டுவதாகவும் பதிவேடு நிரப்புவதாகவும் சுருங்கியது.

2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளுக்குத் தேர்வை அனுமதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது.

பொதுத்தேர்வு விலகியது. ஆனால் பிழையைக் கண்ட ஆசிரியர் அதைத் திருத்தக் கற்பித்தால்தான் அந்த 40 மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு.