தாழ்வளியில் ஓசோன்: ஓர் அளவை வரலாறு

அரசர் ஆட்சிக்கும் அவர்தம் போர்களுக்கும் வரலாறு உண்டு. மக்கள் ஒவ்வொரு கணமும் உள்வாங்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது பலரும் எண்ணாத உண்மையாகும். கல்லிலும் ஓலையிலும் எழுதப்பட்டவை நெடுங்காலம் நின்று சான்று பகர்வன. காற்றோ நில்லாது கலந்து போவது. ஆதலின், ஒரு காலத்துக் காற்றின் இயல்பினை அக்காலத்தார் அளந்து குறித்து வைத்தாலன்றிப் பிற்காலத்தார் அறிந்துகொள்ளுதல் மிகவும் அரிது. இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லது ஓசோன் என்னும் வாயுவின் வரலாறு.

ஓசோன் என்றவுடன் வானுயரத்திலே சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கும் படையே யாவர்க்கும் நினைவில் எழும். வளிமண்டலத்திலுள்ள ஓசோனில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அவ்வுயர்ந்த படையிலேயே உளது. எஞ்சிய ஒரு பங்கு நிலத்தையடுத்த தாழ்வளியிற் பரந்து கிடக்கின்றது. ஈரிடத்தும் வாயு ஒன்றே, செயல்கள் வேறாவன. மேலே காவலாய் நிற்பது கீழே சுவாசப்பையை அரிக்கும் நஞ்சாகின்றது. பயிரின் இலைத்துளைகளின் வழியே புகுந்து அதன் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றது. அன்றியும், புவியின் வெப்பத்தை வெளியே போகவிடாது தடுக்கும் மனிதச் செயலால் மிகுந்த வாயுக்களுள், காபனீரொட்சைட்டுக்கும் மெதேனுக்கும் அடுத்த இடம் தாழ்வளி ஓசோனுக்கே உரியது. இந்த ஒரு பங்கு கடந்த ஒன்றரை நூற்றாண்டில் எவ்வளவு பெருகியது, ஏன் பெருகியது, அதனை எவ்வாறு அறிந்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1785ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் மாட்டினஸ் வான் மாரும் என்பவர், மின்பொறி இயங்கும்போது அதன் அண்மையில் ஒருவகை மணம் எழுதலைக் கண்டார். அம்மணம் தனியொரு பொருளுக்கு உரியதென்று 1839இல் உணர்ந்தவர் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் இரசாயன ஆசிரியராயிருந்த சோன்பைன் என்பவராவர். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் 'ஓசோன்' என்னும் பெயரை அவரே ஆக்கி அளித்தார். அது மூன்று ஒட்சிசன் அணுக்களால் ஆயதென்பது 1865இல் சொறே என்பவரின் ஆய்வால் தெளிவாயிற்று.

சோன்பைன் அவ்வாயுவை அளத்தற்கு எளியதொரு வழியையும் கண்டார். பொற்றாசியம் அயடைட்டும் மாப்பொருளும் கலந்த கரைசலிலே தோய்த்து உலர்த்திய தாளைக் காற்றிற் படும்படி வைத்தால், ஓசோன் அயடீனை விடுவிக்கும்; அயடீன் மாப்பொருளோடு சேர்ந்து நீலநிறம் தரும். நிறத்தின் செறிவை ஒரு வண்ணப் பட்டியலோடு ஒப்பிட்டு எண் இடுவர். செலவு குறைந்த இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளிலும் பரவியது. வானிலை நிலையங்கள் பலவற்றில் மழையையும் வெப்பத்தையும் குறித்தவாறே ஓசோன் தாளின் நிறத்தையும் நாடோறும் குறித்து வந்தனர்.

அவ்வளவு ஆர்வத்துக்குக் காரணம் ஓசோன் நன்மை பயப்பது என்னும் நம்பிக்கையேயாகும். அழுகிய பொருள்களினின்றும் எழும் கெட்ட காற்றே கொள்ளைநோய்களை விளைப்பதென்று கருதிய காலம் அது. அக்கேட்டைப் போக்கும் மருந்தாக இயற்கை அமைத்ததே ஓசோன் என்று பலர் கொண்டனர். கடற்கரைக்கும் மலைவாழிடங்களுக்கும் செல்வோர் 'ஓசோன் நிறைந்த காற்றை' நாடிச் சென்றனர். ஆயினும், அதனை மிகுதியாக உட்கொண்டார்க்கு நெஞ்சுநோவும் சளிச்சவ்வில் எரிவும் உண்டாதலைச் சோன்பைன் அன்றே குறித்திருந்தார். ஒரு பொருளின் அளவை நோக்காது அதன் பெயரையே போற்றிய காலத்தில் அவ்வெச்சரிக்கை பெரிதும் பேசப்படவில்லை.

சோன்பைன் தாள் எளிதாயினும் பிழைமலிந்தது. காற்றின் ஈரமும் வேகமும் நிறத்தை மாற்றும். புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டும் அதனைக் குறைக்கும். இக்குறைகளுட் சிலவற்றை நீக்கிய அளவை ஒன்று பாரிசு நகரின் தென்புறத்திலுள்ள மொன்சூரிப் பூங்காவின் வானிலை ஆய்வுநிலையத்தில் 1876இல் தொடங்கியது. அளந்தறிந்த கனவளவுக் காற்றினை ஆசனைற்றும் அயடைட்டும் கலந்த கரைசலினூடே செலுத்தி, ஓசோனால் மாறிய ஆசனைற்றின் அளவைக் கணித்தனர். அல்பேட் லெவி என்பவரின் மேற்பார்வையில் நடந்த இவ்வேலை 1910 வரையும் இடையறாது நிகழ்ந்தது. தாம் எழுதி வைக்கும் எண்கள் நூறாண்டின் பின் எவ்வழக்கிற் சான்றாக வேண்டப்படுமென்பதை அங்கே உழைத்தோர் அறிந்திருத்தல் இயலாது. எனினும் அவர்கள் முறை பிறழாது எழுதினர்.

இதற்கிடையில் ஆராய்ச்சியாளரின் நோக்கு மேலே சென்றது. ஊதாக்கடந்த கதிர்களை ஓசோன் விழுங்கும் தன்மையை 1880ஐ அடுத்த ஆண்டுகளில் ஹாட்லி என்பவர் விளக்கினார். 1913இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய பாப்ரியும் புயிசோனும் உயர்வளியில் ஓசோன் இருத்தலை அளந்து நிலைநாட்டினர். அதன்பின், நிலத்தருகே காணப்படும் சிறிதளவு ஓசோனும் மேலிருந்து இறங்கி வருவதே என்னும் கருத்து வலுப்பெற்றது. தாழ்வளியிலும் ஓசோன் பிறத்தல் கூடுமென்பதை உலகுக்கு உணர்த்தியது அறிஞரின் ஆய்வுகூடமன்று. அல்லலுற்ற ஒரு பெருநகரமேயாகும்.

1943 யூலை மாதம் 26ஆந் தேதி ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மங்கிய புகைப்படலம் ஒன்று மூடியது. கண்கள் எரிந்து நீர் சொரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலமாதலின், பகைவரின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று அஞ்சினோரும் உளர். பின்னர், செயற்கை இறப்பருக்கு வேண்டிய பொருளை ஆக்கிய தொழிற்சாலை ஒன்றின்மேற் பழி வீழ்ந்தது. அதனை நிறுத்திய பின்னும் புகைப்படலம் நீங்கவில்லை. மலைகள் சூழ்ந்த அந்நகரின்மேல், கடலிலிருந்து வரும் குளிர்காற்றை வெப்பக்காற்றுப் படையொன்று மூடிபோலத் தடுத்து நிற்றலால் அழுக்குகள் மேலெழமாட்டாது தேங்கின. அவ்வழுக்கு யாது என்பதே வினாவாயிற்று. இலண்டன் நகரை வருத்தியது நிலக்கரியின் கந்தகப்புகை. லொஸ் ஏஞ்சலிசிலோ நிலக்கரி எரிப்போர் அரியர். அன்றியும், இலண்டன் புகை குளிர்காலத்துக்கு உரியது. இப்படலம் வெயில் எறிக்கும் பகலிலே மிகுந்தது.

விடை கண்டவர் ஹாகன்-ஸ்மித் என்பவர். ஒல்லாந்தில் பிறந்து கலிபோணியாத் தொழினுட்பக் கழகத்தில் உயிரிரசாயனப் பேராசிரியராய் விளங்கிய அவர், அன்னாசிப்பழத்துக்கு மணந்தரும் பொருள்களை ஆராய்ந்து கொண்டிருந்தவர். நகரைச் சூழ்ந்த தோட்டங்களிற் கீரைவகைகளின் இலைகள் வெளிறியும் பளபளத்தும் கெடுவதைப் பயிர்நூலார் முன்னரே கண்டிருந்தனர். பெற்றோல் ஆவியையும் நைதரசனீரொட்சைட்டையும் ஒரு கூண்டிலே கலந்து வெயிலிற் படவைத்தபோது அதே கேடு அவ்விலைகளில் தோன்றுவதை ஹாகன்-ஸ்மித் காட்டினார். அக்கலவையிற் பிறந்தது ஓசோன். வளைத்துக் கட்டிய இறப்பர்த் துண்டில் வெடிப்பு எவ்வளவு விரைவில் விழுகின்றதென நோக்கி ஓசோனின் அளவை மதிப்பிட்டனர். அவரது முடிபுகளை விளக்கிய கட்டுரை 1952இல் வெளிவந்தது.

அந்நிகழ்ச்சியின் உள்ளியல்பு பின்வருமாறு: எரிபொருள் கடுவெப்பத்தில் எரியும் இடமெல்லாம் காற்றின் நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசனின் ஒட்சைட்டுகளைத் தரும். நைதரசனீரொட்சைட்டைச் சூரியவொளி பிளக்கும்; பிரிந்த தனி ஒட்சிசன் அணு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். எஞ்சிய நைத்திரிக்கொட்சைட்டு அவ்வோசோனையே அழித்து மீண்டும் ஈரொட்சைட்டாகும். இவ்வளவே நிகழின் ஓசோன் பெருகாது. ஆனால், எரியாத பெற்றோல் ஆவி முதலாய ஐதரோகாபன்கள் காற்றிலே சிதையும்போது, ஓசோனைச் செலவிடாமலே நைத்திரிக்கொட்சைட்டை ஈரொட்சைட்டாக மாற்றிவிடுகின்றன. அழிக்கும் வழி தளர்ந்து ஆக்கும் வழி ஓங்குதலால் ஓசோன் திரள்கின்றது. மோட்டார் வண்டியின் புகைக்குழாய் ஓசோனை வெளிவிடுவதில்லை. அதற்கு வேண்டிய மூலப்பொருள்களைத் தருகின்றது. சூரியன் அவற்றைச் சமைக்கின்றது. நகர நடுவில் ஓசோன் குறைந்தும் காற்றுச் செல்லும் திசையிலுள்ள நாட்டுப்புறத்தில் மிகுந்தும் காணப்படுவதன் காரணமும் இதுவே.

எண்ணெய்த் தொழிலைச் சார்ந்த ஆய்வாளர் சிலர் இம்முடிபை மறுத்தனர். 1955இல் அந்நகரிற் காணப்பட்ட உச்ச அளவு நூறுகோடிப் பங்கு காற்றில் 680 பங்காகும். மக்கள் பொறுமை இழந்தனர். 1957இல் வீட்டுக் கொல்லைகளிற் குப்பை எரித்தல் தடுக்கப்பட்டது. 1967இல் கலிபோணியா வளிவளச் சபை அமைந்து, அதன் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மித் அவர்களே நியமனம் பெற்றார். 1970இல் ஐக்கிய அமெரிக்கா தூயவளிச் சட்டத்தை வலிவுபடுத்தியது. 1975 தொடக்கம் புதிய மோட்டார் வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் ஊக்கி மாற்றிகள் பூட்டப்பட்டன. வண்டிகளின் தொகை பன்மடங்கு பெருகிய போதிலும், அண்மைக்கால உச்ச அளவு 1955இன் அளவில் மூன்றிலொன்றினும் குறைவேயாகும். இது சட்டமும் அறிவும் இணைந்து பெற்ற வெற்றி. ஆயினும் அவ்வளவு, 2015இல் அந்நாடு வகுத்த எட்டுமணிநேர வரம்பாகிய 70 பங்கினை இன்றும் பல நாட்களிற் கடக்கின்றது.

நகரத்தின் கதை இவ்வாறாக, நகரத்தைக் கடந்த கதை பின்னரே வெளிப்பட்டது. 1973இல் குறூட்சன் என்பவர், மெதேனும் காபனோரொட்சைட்டும் சிதையும்போது நைதரசனொட்சைட்டுகள் இருக்குமிடமெங்கும் ஓசோன் பிறக்கும் என்று விளக்கினார். எனவே, நகரங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிய நிகழ்ச்சி உலகத் தாழ்வளி முழுதுக்கும் உரியதாயிற்று. தாழ்வளியில் ஓசோன் சராசரியாக மூன்று வாரம்வரை நிலைபெறும். அதற்குள் அது பெருங்கடல்களைத் தாண்டிவிடும். சுவிற்சலாந்தின் அறோசா என்னும் மலையூரில் 1950களிலும் 1989 முதல் 1991 வரையும் எடுத்த அளவைகளை ஒப்பிட்டபோது, அங்கு ஓசோன் இரட்டிக்கு மேலாகப் பெருகியமை தெரிந்தது. தொழிற்சாலை இல்லாத மலைக்காற்றும் தப்பவில்லை.

அவ்வாறாயின் தொழிற்பெருக்கத்துக்கு முன் இருந்த அளவு யாது? இவ்வினாவே மொன்சூரியின் பழைய ஏடுகளை மீண்டும் திறக்கச் செய்தது. வோல்சு, கிளே என்னும் இருவர் பழைய கருவியை அவ்வாறே மீள அமைத்து, புதிய கருவியோடு ஒப்பிட்டு, கந்தகவீரொட்சைட்டால் நேர்ந்த பிழையையும் திருத்தி, 1988இல் தம் முடிபை வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு ஓசோன் நூறுகோடியில் 11 பங்கு அளவே இருந்ததென்பது அவர் கூற்று. அதனைக்கொண்டு நோக்கின் ஐரோப்பாவில் ஓசோன் இரண்டு மூன்று மடங்காயிற்று என்று கொள்ளவேண்டும்.

ஆனால் கணினிவழிக் கணிப்புகள் அவ்வளவு பெருக்கத்தைக் காட்டவில்லை. ஏடு பிழையா, கணிப்புப் பிழையா என்னும் வழக்கு மூன்று பதிற்றாண்டுகள் நீடித்தது. 2019இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, பழைய அளவைகள் அனைத்தையும் பொறியும் இடமும் நோக்கி வடித்தெடுத்தது. பெருநகரின் விளிம்பிலுள்ள ஒரு நிலையத்தின் எண்கள் பரந்த நிலப்பரப்புக்கு அளவுகோலாகா என்று கொண்டு, நம்பத்தகுந்தவற்றை மட்டும் எடுத்து நோக்கியபோது, வடகோளத்தின் இடைவெப்ப வலயத்தில் நிலமட்ட ஓசோன் 30 முதல் 70 சதவீதம் வரை மிகுந்ததென்பது பெறப்பட்டது. மற்றொன்று, பனிப்பாறையுட் சிறைப்பட்ட பழங்காற்றை ஆராய்ந்தது. ஓசோன் சிதையும்போது பிறக்கும் தனி அணுக்கள் ஒட்சிசன் மூலக்கூறுகளிலுள்ள பார அணுக்களின் சேர்க்கையை மாற்றுகின்றன. அம்மாற்றத்தின் சுவடு பனியுள் நிலைக்கின்றது. அச்சுவட்டின்படி 1850க்கும் 2005க்கும் இடையே உலகத் தாழ்வளி ஓசோனின் பெருக்கம் 40 சதவீதத்தின் மேற்படவில்லை. காற்றுத் தன் வரலாற்றை எழுதுவதில்லை என்பதற்கு இயற்கை இவ்வாறு ஒரு விலக்கினையும் வைத்திருந்தது.

மும்மடங்கு என்பது ஒன்றரை மடங்காகச் சுருங்கியமையால் ஓசோனின் தீமை சுருங்கியதெனக் கருதலாகாது. இன்றைய மக்களின் நோயும் பயிரின் நட்டமும் இன்றைய அளவைப் பொறுத்தனவேயன்றி, பழைய அளவைப் பொறுத்தனவல்ல. பழைய அளவு வேண்டப்படுவது, இப்பெருக்கத்திற் காலநிலையின் வெப்பத்துக்கு உரிய பங்கு எவ்வளவென்று நீதியாய் மதிப்பிடுதற்கேயாம்.

அண்மைப் பதிற்றாண்டுகளிற் காற்றின் போக்குத் திசைமாறியுள்ளது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைகால உச்சங்கள் தணிந்தன. கிழக்காசியாவிலும் தென்னாசியாவிலும் அளவு ஏறியது. ஓசோனை ஆக்கும் வாயுக்கள் வெயிலும் வெப்பமும் மிக்க நிலநடுக்கோட்டுப் பக்கமாக இடம்பெயர்ந்துள்ளமையால், அதே அளவு புகை முன்னையினும் மிகுதியான ஓசோனைத் தருகின்றது. சீனாவில் 2013க்குப் பின் புகைத்தூசு பெரிதும் குறைக்கப்பட்டது. ஆயினும் பல நகரங்களில் ஓசோன் கூடியது. நோய்த்தொற்றால் உலகப் போக்குவரத்து ஒடுங்கிய 2020இலும் இத்தகைய முரண் காணப்பட்டது. வடகோளத்தின் உயர்ந்த தாழ்வளியில் ஓசோன் ஏறத்தாழ 7 சதவீதம் குறைய, நைத்திரிக்கொட்சைட்டுக் குறைந்த நகரங்கள் சிலவற்றில் அது மிகுந்தது. ஒரு மூலப்பொருளை மட்டும் குறைத்தல் போதாது. இரண்டையும், அவற்றோடு மெதேனையும் ஒருங்கு குறைத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். ஒருகாலத்தில் மருந்தென்று போற்றிய பொருளைப் பிற்காலம் நஞ்சென்று தெளிந்தது. அத்தெளிவைத் தந்தது அளவை. அளந்தவர்களுட் பலர் பயன் காணாமலே மறைந்தனர். அவர்தம் எண்கள் ஐயுறப்பட்டும் திருத்தப்பட்டும் இன்றளவும் பேசுகின்றன. பள்ளி மாணவர் நாடோறும் குறிக்கும் மழையளவும் வெப்பநிலையும் வெறும் பயிற்சியென்று இகழத்தக்கனவல்ல. இன்று முறையாக எழுதப்படும் ஓர் எண், இன்னும் பிறவாதார் கேட்கப்போகும் வினாவுக்கு விடையாதல் கூடும்.