யார் முன்பாக விளையாடுகிறோம்?
திருமறைத் தமிழில் களியாட்டச் சொற்களின் வரலாறு

சென்னைக்கு மேற்கே, பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் ஐயப்பன்தாங்கல். பாசனத்திற்கு நீர் தேக்கும் சிற்றேரியைத் தொண்டைநாட்டார் தாங்கல் என்பர். இன்று அவ்வூர்ச் சாலையைப் பேருந்துகளும் மெட்ரோ இரயில் தடத்தின் தூண்களும் நிரப்பியிருக்கின்றன. தெரு பிள்ளைகளுக்குரியதாய் இல்லை. ஒரு கோடையில் அங்கே விடுமுறை வேதாகமப் பள்ளி ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். இடைவேளையில் ஆலய வளாகத்தில் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்ட மூப்பர் ஒருவர், "தேவனுடைய வீட்டில் இது என்ன கும்மாளம்?" என்று கடிந்துகொண்டார். பிள்ளைகள் அடங்கினர். அடுத்த பாடம், தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக நடனமாடிய வரலாறு! அம்மூப்பரைக் குறைகூற நாம் முற்படவில்லை. அவர் கையாண்ட சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு என்பதையே காட்ட விரும்புகிறோம்.

பழந்தமிழர் விளையாட்டைக் குறைத்து மதித்தவரல்லர். தொல்காப்பிய உரியியல், கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்றே பொருள் கூறுகிறது. சங்கச் செய்யுட்களில் மகளிர் விளையாட்டு ஓரை எனவும், மணலில் சிற்றில் இழைத்து ஆடுவது வண்டல் எனவும் வழங்கின. இச்சொற்களில் இகழ்ச்சி எதுவுமில்லை. பிற்கால வழக்கிலோ, பெயர்ச்சொல்லைக் காட்டிலும் அதனோடு சேரும் வினையே தீர்ப்புச் சொல்லத் தொடங்கியது. கூத்து ஆடுவது கலை, கூத்தடிப்பது பழிப்பு. ஆடுவது இயல்பு, ஆட்டம் போடுவது குற்றம். கும்மாளம் என்பது களிப்பினால் துள்ளிக் குதித்தலே. ஆயினும் 'கும்மாளம் போடுகிறான்' என்னும்போது கடிந்துகொள்ளும் குரல் தானே வந்துவிடுகிறது.

இத்தகைய மொழியில்தான் திருமறை பெயர்க்கப்பட்டது. எபிரெயத்தில் ஸாஹக், ட்ஸாஹக் என்பன ஒரே வேரின் இரு வடிவங்கள். நகைத்தல், விளையாடுதல், களித்தல், பரிகசித்தல் ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கும். ஈசாக்கு என்னும் பெயரே இவ்வேரினின்று பிறந்தது. தமிழில் இவ்வேர் எத்தனை வடிவங்களை மேற்கொண்டது என நோக்குவோம். சகரியா 8:5-இல் வீதியில் பிள்ளைகள் 'விளையாடுகிறார்கள்'. சங்கீதம் 104:26-இல் லிவியாதானும் கடலில் விளையாடுகிறது. நீதிமொழிகள் 8:30-இல் ஞானம் கர்த்தரின் சமுகத்தில் 'களிகூருகிறது'. 2 சாமுவேல் 6:21-இல் தாவீது 'ஆடிப்பாடுகிறான்'. 2 சாமுவேல் 2:14-இல் அப்னேரின் வாலிபர் 'சிலம்பம்பண்ண' அழைக்கப்படுகின்றனர். நியாயாதிபதிகள் 16:25-இல் சிம்சோன் 'வேடிக்கை காட்ட' நிறுத்தப்படுகிறான். ஆதியாகமம் 21:9-இல் ஆகாரின் மகன் 'பரியாசம்பண்ணுகிறான்'. அதே இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவாகிந்து, அவன் ஈசாக்குடன் விளையாடியதாகவே கூறுகிறது. எபிரெய வாசகனின் செவியில் ஒன்றோடொன்று ஒலித்த இவ்விடங்கள், தமிழ் வாசகனுக்குத் தொடர்பற்றவையாகின்றன.

இதற்கு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு காரணமன்று. 1714-15-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட நாள் தொட்டு, பபிரிசியுஸின் பழைய ஏற்பாடு 1796-இல் முற்றுப்பெற்றது வரையிலும், அதன்பின் ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு வரையிலும், சூழலுக்கேற்ற சொல்லைத் தேடியவர்கள் அவர்கள். சிலம்பம் என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தது இந்நாட்டு வாழ்வை அறிந்தோரின் செயலாகும்.

ஆயினும் ஒரு சொல் நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. அது 'களி' என்பது. குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில் களித்தல் என்பது குடிவெறியைக் குறிக்கிறது. பொதுவழக்கில் அதுவே மகிழ்ச்சியுமாகும். மொழிபெயர்ப்பாளர் ஞானத்திற்குக் 'களிகூர்தல்' என்றும், ரோமர் 13:13-இல் பவுல் விலக்கும் ஒழுக்கக்கேட்டிற்குக் 'களியாட்டு' என்றும் ஒரே வேரினின்று இரு சொற்களை ஆக்கினர். ஆடுதல் சேர்ந்தவுடன் களி கறைபட்டது போலத் தோன்றுகிறது. நமது அருளுரைகளில் களிகூர்தல் உள்ளத்தில் நிகழ்வதாயிற்று. உடல் துள்ளுவது களியாட்டமாயிற்று. திருமறை இப்பிரிவினையைச் செய்யவில்லை.

அங்ஙனமாயின் எல்லா விளையாட்டும் நன்றோ? அன்று. யாத்திராகமம் 32:6-இல் பொற்கன்றின் முன் எழுந்து விளையாடிய ஜனங்களைக் குறிப்பதும் இவ்வேரே. அப்னேர் தொடங்கிவைத்த விளையாட்டில், இருபுறமும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 வாலிபர் ஒருமிக்க மடிந்தனர். சிம்சோனின் வேடிக்கை, கண் பிடுங்கப்பட்டவனின் அவமானம். ஆனால் இவ்விடங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலப்படுகிறது. அப்னேர் 'நமக்கு முன்பாக' என்றான். பெலிஸ்தரும் அவ்வாறே கூறினர். தாவீதோ கர்த்தருக்கு முன்பாக ஆடினான். ஞானமும் அவர் சமுகத்திலேயே களித்தது. ஆரவாரத்தின் அளவைக் கொண்டு திருமறை தீர்ப்பளிப்பதில்லை. யார் முன்பாக, யாரோடு, யாருடைய செலவில் என்பதையே வினவுகிறது. மீகாள் ஆரவாரத்தை மட்டும் கண்டாள்.

இதனை உணர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் இருந்தனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஊரார் ஆடிப்பாடிய வடிவங்களை ஒதுக்கவில்லை. குறவஞ்சியைப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்று பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நீரிறைப்போரின் ஏற்றப்பாட்டையும் ஞானப்பாட்டாக்கினார். கூத்தின் துள்ளல் கர்த்தருக்கு முன்பாக வரத் தக்கது என்பதை அவர் பாடியே காட்டினார்.

புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் முதியவர் ஒருவர், கோலூன்றி இருமிக்கொண்டு, தம் இளமையை நினைந்து இரங்குகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து ஆடியதும், மருதமரக் கிளையேறி மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததும் இனித் திரும்பா என்பது அவர் துயரம். சகரியா 8-ஆம் அதிகாரத்திலும் கோலூன்றிய முதியோர் உளர். விளையாடும் பிள்ளைகளும் உளர். ஆனால் அங்கே முதுமை இளமையை இழந்து புலம்பவில்லை. இருவரும் ஒரே நகரத்தின் வீதிகளில் இருக்கின்றனர். அதுவே எருசலேம் மீட்கப்பட்டதன் அடையாளம்.

தாங்கல் பெயரளவில் நிற்க, தெருவும் பறிபோன ஊர்களில், பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கும் திறந்தவெளி பலவேளை ஆலய வளாகமே. அங்கே எழும் ஒலிக்கு நாம் என்ன பெயரிடுகிறோம் என்பது சொல்லாராய்ச்சி மட்டுமன்று; அது ஆயர் பணி. அடுத்த கோடையில் அம்மூப்பர் தம் கைக்கோலுடன் அவ்வளாகத்தில் ஒரு நாற்காலி இட்டு அமர்ந்திருக்கவும், பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடவும் காண்போமாயின், சகரியாவின் தரிசனத்தில் ஒரு முழ அளவேனும் நிறைவேறியது எனலாம்.