எண்ணெய் தீர்ந்தால் வீடு குளிரும்: அமெரிக்க ஃபர்னஸின் கதை

பாதிச் சமையலில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கொஞ்சம் புலம்பல், பக்கத்து வீட்டில் ஒரு சிலிண்டர் கடன், ரெகுலேட்டரை மாட்டித் திருகினால் அடுப்பு மறுபடி எரியும். விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில், மெய்ன், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில், ஜனவரி மாத நள்ளிரவில் ஒரு வீட்டின் எண்ணெய் தீர்ந்துவிட்டால் கதையே வேறு. எண்ணெய் லாரியை வரவழைத்து டேங்கை நிரப்பினாலும் ஃபர்னஸ் தானாக எரியத் தொடங்காது. யாராவது பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப்போய் அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். அதற்குள் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடாமல் இருந்தால் நல்லது!

ஃபர்னஸ் என்றால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம். காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்புவது ஃபர்னஸ், தண்ணீரைச் சூடாக்கிக் குழாய்களில் சுற்றவிடுவது பாய்லர். பேச்சுவழக்கில் பலரும் இரண்டையுமே ஃபர்னஸ் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டிலும் தீ மூட்டும் பகுதி ஒன்றுதான். அதன் பெயர் பர்னர். பேஸ்மென்ட்டில் நிற்கும் 275 கேலன் (சுமார் 1,040 லிட்டர்) டேங்கிலிருந்து ஒரு பம்ப் எண்ணெயை இழுக்கிறது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் அதை ஒரு மிகச் சிறிய நாசில் வழியாகத் தள்ளுகிறது. எண்ணெய் பனிபோலச் சிதறுகிறது. பத்தாயிரம் வோல்ட்டுக்குக் குறையாத மின்பொறி அதைப் பற்ற வைக்கிறது. நாசில் ஒரு மணி நேரத்தில் விடும் எண்ணெய் பெரும்பாலும் ஒரு கேலனுக்குள்தான்.

டேங்க் வற்றியதும் பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. குழாய் முழுக்கக் காற்று. இந்தப் பம்ப் எண்ணெயைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. காற்றை அழுத்தி அந்தச் சின்ன நாசில் வழியே வெளியேற்ற அதனால் முடியாது. டீசல் தீர்ந்து நடுவழியில் நின்ற லாரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டீசல் ஊற்றிய பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. "லைன்ல ஏர் புடிச்சிருக்கு" என்று மெக்கானிக் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பார். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குவார். ஃபர்னஸிலும் அதேதான்! பம்பின் பக்கவாட்டில் ஒரு சிறிய முலை இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, ஸ்பேனரால் கொஞ்சம் திருகி, ரீசெட் பட்டனை ஒரு முறை அழுத்த வேண்டும். பம்ப் ஓடும். முதலில் காற்று, பிறகு நுரை, பிறகு துப்பித் துப்பி எண்ணெய், கடைசியில் விட்டுப்போகாத சிவப்பு எண்ணெய். (சாலை வரி இல்லாத எண்ணெய் என்று காட்டுவதற்காகச் சேர்த்த சாயம் அது. மற்றபடி கிட்டத்தட்ட டீசலேதான்.) முலையை இறுக்கியதும் ஒரு 'ஹுஸ்' சத்தத்தோடு தீ பிடிக்கும். டேங்கிலிருந்து எண்ணெய் வரவும், மிச்சம் திரும்பிப்போகவும் என இரண்டு குழாய் உள்ள வீடுகளில் காற்று தானாகவே டேங்குக்குத் திரும்பிவிடும். ஒற்றைக் குழாய் வீடுகளில்தான் இந்த வேலை.

இதில் ஆபத்து அந்த ரீசெட் பட்டனில் இருக்கிறது. தீ எரிகிறதா என்று ஒரு காட்மியம் சல்ஃபைடு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள், பழையவற்றில் 45 வினாடி, புதியவற்றில் 15 வினாடி அளவுக்குள், வெளிச்சம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்தக் கண் வருவதற்கு முன்பு புகைக்குழாயில் செருகிய ஒரு உலோகச் சுருள்தான் காவல்காரன். சூடு ஏறுகிறதா என்று அது தெரிந்துகொள்ள இன்னும் நேரம் பிடிக்கும். நின்ற பர்னரை மறுபடி ஓட்டுவது ரீசெட் பட்டன். குளிரில் நடுங்கும் மனிதர் என்ன செய்வார்? மறுபடி மறுபடி அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொஞ்சம் எண்ணெய் எரியாமல் உள்ளே சேரும். கடைசியில் பொறி பிடிக்கும்போது சேர்ந்த அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும். இதை பஃப்பேக் என்கிறார்கள். சில நேரம் புகைக்குழாய் கழன்று விழும், வீடு முழுக்க, திரைச்சீலையிலிருந்து துணி அலமாரி வரை, கரி படியும். இப்போதைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல, மூன்று முறை தோற்றால் பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் டெக்னீஷியன் வந்துதான் திறக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பாடு படுத்தும் ஒன்றை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்?

இங்குதான் வரலாறு சுவாரசியமாகிறது. எரிபொருள் தீர்ந்துபோகும் பயத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்த மக்களில் பலர் எண்ணெய்க்கு வந்தார்கள்! அதற்கு முன்பு நிலக்கரி. பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் கரியை மண்வாரியால் அள்ளிப் போட்டு, சாம்பலை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். காலையில் முதலில் எழுபவர் செய்யும் முதல் வேலை அதுதான். 1902-இல் ஆந்த்ரசைட் தொழிலாளர்கள் மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தபோது, குளிர்காலம் வந்துவிடுமே என்று பயந்து ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டார். 1925 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தமோ 1926 பிப்ரவரி வரை போய்விட்டது. ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதி! சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருந்தது. ஆனால் கரி கிடைக்காத வீட்டுக்காரர்களில் பலர் அப்போது எடுத்த முடிவு நிரந்தரமாகிவிட்டது. இலினாய் மாநிலம் ப்ளூமிங்டனில் தயாரான வில்லியம்ஸ் ஆயில்-ஓ-மேட்டிக் போன்ற பர்னர்கள் சந்தையில் தயாராக இருந்தன. பெயரிலேயே விளம்பரம் இருக்கிறது பாருங்கள், எல்லாம் 'மேட்டிக்'! சுவரில் தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் போதும். கரி இல்லை, சாம்பல் இல்லை.

1940 சென்சஸில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கும் மேல் நிலக்கரியில்தான் சூடேறின; எண்ணெய் வீடுகள் பத்தில் ஒன்றுதான். 1960-இல் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகிவிட்டது.

எண்ணெய் டீலர்கள் செய்த ஒரு கெட்டிக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் டேங்க் எப்போது வற்றும் என்று வீட்டுக்குள் போய்ப் பார்க்காமலே கணக்குப் போட்டார்கள். அதன் பெயர் டிகிரி-டே. வெளியே அன்றைய சராசரி வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதுதான் அன்றைய எண். 35 டிகிரி என்றால் 30 டிகிரி-டே. ஒரு வீடு ஐந்து டிகிரி-டேக்கு ஒரு கேலன் எரிக்கும் என்று பழைய கணக்கில் தெரிந்திருந்தால், அன்று 6 கேலன் போயிருக்கும். இப்படிக் கூட்டிக்கொண்டே வந்து, டேங்க் வற்றுவதற்கு முன்பே லாரி வாசலில் நிற்கும். டேங்க் நிரம்பும்வரை காற்றுக் குழாயில் ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கும். விசில் நின்றால் டிரைவர் நிறுத்திவிடுவார். டேங்க் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும் அளவுக்கு வசதி!

அந்த மறதி இரண்டு முறை பலமாகக் கலைந்தது. முதல் முறை 1942-இல். கிழக்குக் கரைக்கு வரும் எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை அமெரிக்கக் கரையோரத்திலேயே மூழ்கடிக்கத் தொடங்கின. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வீட்டு எண்ணெய்க்கு ரேஷன் கூப்பன் வந்தது. வீட்டை 65 டிகிரிக்கு (18 செல்சியஸ்) மேல் சூடாக்காதே என்றார்கள். முடிந்தவர்கள் மறுபடி நிலக்கரிக்கே மாறுங்கள் என்று அரசே பிரச்சாரம் செய்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு தூக்கிப்போட்ட மண்வாரியைத் தேட வேண்டிய நிலை! டெக்சாஸிலிருந்து பென்சில்வேனியா வரை 'பிக் இன்ச்' என்ற 24 அங்குலக் குழாய் போடப்பட்டு 1943 ஆகஸ்டில் முடிந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

இரண்டாவது முறை 1973. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நவம்பர் 7-ஆம் தேதி ஜனாதிபதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுத் தெர்மோஸ்டாட்டை ஆறு டிகிரியாவது குறையுங்கள், நாட்டின் பகல்நேரச் சராசரி 68 டிகிரியாக (20 செல்சியஸ்) இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். டீலர்களுக்கு எண்ணெய் பங்கீட்டு முறையில் வந்தது. 1972-இல் எவ்வளவு வாங்கினார்களோ அதை அடிப்படையாக வைத்துத்தான் பங்கு. ஆகவே பழைய வாடிக்கையாளருக்கே போதாதபோது புதிதாக வருபவருக்கு டீலர் எங்கிருந்து கொடுப்பார்? எண்ணெய் எங்கோ இருந்தது, கணக்கில் இவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் கிழக்குப் பகுதியில் வழக்கத்தைவிட மிதமாக அமைந்தது பெரிய அதிர்ஷ்டம்.

தடை 1974 மார்ச்சில் நீங்கியது, விலை இறங்கவில்லை. குறைந்த எண்ணெயில் நிறைந்த சூடு தரும் புதுவகை பர்னர்கள் அதன்பின் வேகமாகப் பரவின. விறகு அடுப்புகளும் திரும்பி வந்தன. 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, பகலில் 65, இரவில் 55 டிகிரி போதும் என்றார். கேலியும் செய்தார்கள், கேட்டவர்களும் உண்டு.

ஆனால் உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்தது. எண்ணெய் மலிவாக இருந்தவரை டேங்க் வற்றுவது பெரும்பாலும் கவனக்குறைவு. விலை ஏறிய பிறகு அது வறுமையின் அடையாளமாகிவிட்டது. டீலரின் தானியங்கி டெலிவரி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பாக்கி வைத்தவர்களும், கையில் காசு இருக்கும்போது மட்டும் வாங்குபவர்களும் தாங்களே போன் செய்து கேட்க வேண்டும். அதிலும் பல டீலர்கள் 100 கேலனுக்குக் குறைந்தால் லாரி அனுப்புவதில்லை. ஆக, டேங்க் வற்றும்வரை காத்திருப்பவர் பெரும்பாலும் பணம் இல்லாதவர். வற்றிய பிறகு ஃபர்னஸை மறுபடி ஓட்ட டெக்னீஷியனுக்குத் தனிக் கட்டணம், இரவு நேரம் என்றால் அதற்கும் மேல். இல்லாதவரிடம்தான் அதிகம் வசூலாகிறது. இது எந்த ஊர் நியாயமோ!

இதற்கு அரசும் மற்றவர்களும் சில ஏற்பாடுகள் செய்தார்கள். 1979-இல் பாஸ்டனில் ஜோசப் கென்னடி (ராபர்ட் கென்னடியின் மகன்) சிட்டிசன்ஸ் எனர்ஜி என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கி ஏழைகளுக்கு எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார். 1981-இல் மத்திய அரசு குறைந்த வருமான வீடுகளுக்கான எரிபொருள் உதவித் திட்டத்தைச் சட்டமாக்கியது. 2005-இல் வெனிசுவேலாவுக்குச் சொந்தமான சிட்கோ மாசசூசெட்ஸுக்குச் சலுகை விலையில் எண்ணெய் அனுப்பியது. புஷ்ஷும் சாவேஸும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது!

2000-ஆம் ஆண்டு ஜனவரியில் மறுபடி ஒரு அதிர்ச்சி. கையிருப்பு குறைவு, திடீர்க் கடுங்குளிர், எண்ணெய்ப் படகுகளைத் தாமதப்படுத்திய காற்றும் பனிக்கட்டியும். மூன்றே வாரத்தில் நியூ இங்கிலாந்தில் கேலன் 1.20 டாலர் அளவிலிருந்து 2 டாலரை நெருங்கிவிட்டது. அந்த ஜூலையில் கிளின்டன் உத்தரவிட்டு, வடகிழக்குக்கென்று 20 லட்சம் பீப்பாய் வீட்டு எண்ணெய் கையிருப்பு உருவானது. 2011-இல் அது 10 லட்சம் பீப்பாய் டீசலாக மாறியது. வேடிக்கை என்னவென்றால், அது முதன்முதலில் திறக்கப்பட்டது குளிரில் நடுங்கும் வீடுகளுக்காக அல்ல. 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது, மீட்புப் பணிகளுக்காக ராணுவத்துக்குக் கடனாகக் கொடுத்தார்கள்.

லட்சக்கணக்கான பீப்பாய் துறைமுகத்தில் இருந்தாலும், ஒரு வீட்டின் டேங்க் வற்றிவிட்டால் அந்த இரவில் நடப்பது ஒன்றுதான். அருகிலுள்ள பெட்ரோல் பங்க்கில் 5 கேலன் டீசலை மஞ்சள் கேனில் பிடித்துவந்து, வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டேங்க் வாயில் புனல் வைத்து ஊற்றுகிறார்கள். பெட்ரோலை மட்டும் ஊற்றவே கூடாது, அது வெடித்துவிடும். டீசலில் சாலை வரியும் சேர்ந்திருப்பதால் விலை அதிகம். அந்த 19 லிட்டர் கடுங்குளிரில் ஒரு நாளைக்கு வந்தால் அதிகம். டேங்கின் அடியில் பல வருடமாகச் சேர்ந்த கசடு கலங்கியிருக்கும் என்பதால் ஊற்றியதும் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். பிறகு ஸ்பேனர், பிளாஸ்டிக் குழாய், பாட்டில்...

மெய்னில் பல ஆண்டுகளாகப் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயில் சூடேறிவந்தன. 2022-இல் கேலன் விலை 5 டாலரைத் தாண்டிய பிறகு மின்சார ஹீட் பம்ப் பக்கம் கூட்டம் அதிகமானது. ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2025-க்கு வைத்த இலக்கை அந்த மாநிலம் 2023-லேயே எட்டிவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் பழைய ஃபர்னஸைக் கழற்றவில்லை. கடுங்குளிர் நாட்களுக்கு இருக்கட்டும் என்று பேஸ்மென்ட்டிலேயே வைத்திருக்கிறார்கள். டேங்கின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் சிவப்பு மிதவை இருக்கும், அதுதான் அளவு காட்டும். அது சில சமயம் கால்பங்கில் சிக்கி அப்படியே நின்றுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மிதவையை நம்பாமல், டேங்கின் இரும்பை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் எங்கே மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.