ஒரு சிட்டிகை மண்: மணவாளக்குறிச்சி முதல் அம்பத்தூர் எஸ்டேட் வரை

நம் கல்லூரியில் படித்த பலருக்கு அம்பத்தூர் எஸ்டேட்தான் சோறு போடுகிறது. அங்கே தகடு வெட்டும் ஃபைபர் லேசர் மெஷினைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் உயிர் எது தெரியுமா? கண்ணாடி இழைக்குள் துளியூண்டு கலந்த இட்டெர்பியம். அது ஒரு அருமண் தனிமம். இப்படி ஒரு பொருளுக்குள் இன்னொன்றைச் சிட்டிகை அளவு சேர்த்து அதன் குணத்தையே மாற்றுவதுதான் டோப்பிங். பாடப்புத்தகத்தில் 'மாசூட்டல்' என்று படித்தோமே, அதேதான். இதன் வரலாற்றில் நம் தமிழ்நாட்டு மணலுக்கும் பங்கு உண்டு.

ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலார் 1885-ல் கேஸ் விளக்குக்கு மேன்டில் செய்தார். வெளிச்சம் பச்சையடித்தது, வியாபாரம் படுத்துவிட்டது. மனுஷன் விடவில்லை. 1891-ல் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பிடித்தார். தோரியம் ஆக்சைடு மட்டும் என்றால் மங்கல். சீரியம் கூடினாலும் வெளிச்சம் குறையும். அந்த ஒரு சிட்டிகையில்தான் பளீர் வெளிச்சம்! 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் செந்தில் நசுக்கினாரே, அந்தப் பெட்ரோமாக்ஸ் மேன்டில் இந்த வம்சம்தான்.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். அப்போது அது திருவிதாங்கூர். 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. நம் மணல் கப்பலேறியது, மேன்டில் வெளிநாட்டில் தயாரானது. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. அதன் ஆலுவா ஆலையை 1952-ல் நேரு திறந்து வைத்தார்.

ஆனால் சிட்டிகை போடும் வித்தை பெரும்பாலும் வெளியிலேயே வளர்ந்தது. கலர் டிவிக்குச் சிவப்பு தந்த யூரோப்பியமும், லேசருக்கான நியோடிமியம் யாக் படிகமும் 1964-ல் அமெரிக்காவில் வந்தன. நம் அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கியதும் அதே 1964-ல்தான்!

இந்தியாவிலும் ஒரு நல்ல திருப்பம் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. சி. பாட்டீல் குழுவினர் 1988-ல் ஒரு சுலபமான வழியை வெளியிட்டார்கள். உலோக நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து, 500 டிகிரி உலையில் வைத்தால் போதும். கொதித்து, நுரைத்து, குப்பென்று பற்றும். ஐந்தே நிமிடத்தில் நைசான ஆக்சைடு தூள்! தகுந்த கலவை அமைந்தால் துகள்கள் நானோமீட்டர் அளவுக்கு வரும். இட்ரியம் நைட்ரேட்டோடு கொஞ்சம் யூரோப்பியம் நைட்ரேட் சேர்த்தால், புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிரும் தூள் கிடைக்கும். ஆவர் என்ன செய்தார்? பருத்தித் துணியை நைட்ரேட்டில் நனைத்து எரித்தார். பருத்திக்குப் பதில் யூரியா, அவ்வளவுதானே?

இன்னொரு உண்மையையும் சொல்லணும். நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம்தான் அதிகம். இட்டெர்பியம், எர்பியம் சொற்பம். 2025 ஏப்ரலில் சீனா இட்ரியம் உள்ளிட்ட 7 தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது உலகமே திண்டாடியது. இங்கே கிள்ளியூர் பக்கம் புது மணல் சுரங்கம் என்றதும், உடம்புக்கும் கடலுக்கும் கேடு வருமே என்று கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். அந்தப் பயத்தை 'வளர்ச்சி' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட முடியாது. டோப்பிங்குக்கு வேண்டியது மலை மலையாக மணல் அல்ல. சிட்டிகை அளவு சுத்தமான தனிமமும், அதைப் பிரிக்கிற, பழைய ட்யூப்லைட் தூளிலிருந்து மீட்கிற அறிவும்தான்.

தம்பி, தங்கைகளே! ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? லேபில் ஒரு உலை இருக்கிறது, வழிகாட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மணல் கப்பலேறி நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இனி சிட்டிகையை நாமே போடுவோம்.