பெண் நாட்டில் கட்டப்பட்ட ஆண் கால்: ஹூ ஷிக்கு ஒரு மறுப்பு

லி ருஜென் எழுதிய நூறு அத்தியாயச் சீன நாவலான ‘ஜிங்ஹுவா யுவா’னில் வரும், வழக்கங்கள் தலைகீழான கற்பனை நாடுகளைப் பற்றிய பேச்சு, அறிஞர் ஹூ ஷி அந்நாவலுக்கு 1923இல் எழுதிய முன்னுரையை இன்றும் சுற்றி வருகிறது. சீனத்தில் பெண்கள் நிலை பற்றிய கேள்வியை முதலில் எழுப்பியவர் லி ருஜென் என்பது ஹூ ஷியின் முடிவு. இந்நாவலைப் புலமை காட்டும் புனைவுகளின் வரிசையில் வைத்த லூ சுன் இதில் இவ்வளவு பெரிய எண்ணத்தைக் காணவில்லை. சி. டி. ஷியா நாவலின் கன்பூசியப் பற்றைக் காட்டி ஹூ ஷியை மறுத்தார். என் மறுப்பு வேறிடத்திலிருந்து புறப்படுகிறது.

ஹூ ஷியின் வலுவான சான்று, பெண் நாட்டில் நடக்கும் 33ஆம் அத்தியாயம். முகப்பூச்சு விற்கப் போன வணிகர் லின் ஜீயாங்கை அரசர் அந்தப்புரத்தில் அடைத்துவிடுகிறார். அரசர் ஒரு பெண். பணிப்பெண்கள் தாடிவைத்த ஆண்கள். வெள்ளைத் தாடிக்காரர் காது குத்துகிறார். கருந்தாடிக்காரர் வெண்பட்டைக் கிழித்து, வலது காலைத் தன் மடியில் ஏற்றி, விரலிடுக்கில் படிகாரம் தூவி, ஐந்து விரல்களையும் இறுக்கிப் பாதத்தை வில்லாக வளைக்கிறார். சுற்றச் சுற்ற இன்னொருவர் ஊசி நூலால் தைத்துக்கொண்டே வருகிறார். பாதம் கட்டுவதன் கொடுமையை ஓர் ஆணின் வாயால் அலறவைத்த பக்கம் இது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இதற்கு முந்தைய அத்தியாயம் அந்நாட்டை எப்படி அறிமுகம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘மேற்கு நோக்கிய பயண’த்தில் வரும் பெண் நாட்டில் ஆண்களே இல்லை, ஆற்று நீரைக் குடித்தே சூல் கொள்கிறார்கள். இங்கே ஆணும் பெண்ணும் இணைந்தே வாழ்கிறார்கள். பாவாடை கட்டிய ஆண் ‘பெண்’ணாக அகவேலை பார்க்கிறான், காலணியும் தொப்பியும் அணிந்த பெண் ‘ஆணா’கப் புறவேலை பார்க்கிறாள். அகம், புறம் என்ற வேலி அப்படியே நிற்கிறது. வேலிக்கு இருபுறமும் இருந்த ஆட்கள்தான் இடம் மாறியிருக்கிறார்கள். ஹூ ஷி ஆட்களைப் பார்த்தார், வேலியைப் பார்க்கவில்லை.

நாவலில் வரும் இன்னொரு நாடான பண்பாளர் நாட்டிலும் இதே உத்திதான். பழஞ்சீன நூலான ‘ஷான்ஹாய் ஜிங்’ அந்நாட்டைப் பற்றி உடை, வாள், போட்டியற்ற குணம் என்று சில சொற்களில் முடித்துக்கொள்கிறது. லி ருஜென் அங்கே ஒரு சந்தையைக் கூட்டுகிறார்: விலை போதாது என்று வாங்குபவர் முரண்டு பிடிக்கிறார், அதிகம் என்று விற்பவர் மறுக்கிறார். பேரம் ஒழியவில்லை, பேசும் வாய்கள்தான் மாறின.

அமைப்பை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றும் இந்தப் பழக்கம் லி ருஜெனுக்கு எங்கிருந்து வந்தது? நேரடிச் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: அவர் ஒலியியலறிஞர். சீன மரபில் ஓர் எழுத்தின் ஒலியைக் காட்ட இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து வைத்து, முன்னதன் முதலொலியையும் பின்னதன் எஞ்சிய ஒலியையும் ஒட்டுவார்கள். ‘ஃபான்ச்சியே’ எனப்படும் அம்முறையை வைத்து நாவலுக்குள்ளேயே விடுகதை போடுகிறார். லின் ஜீயாங் உள்ளிட்ட பயணிகள் ஓர் ஒலி அட்டவணையின் புதிரை 31ஆம் அத்தியாயத்தில் அவிழ்க்கிறார்கள். 32இல் பெண் நாட்டுக்குள் நுழைகிறார்கள். ஒருவரின் உடலோடு இன்னொருவரின் உடையையும் பெயரையும் ஒட்டுவது அதே கைப்பழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னும் இரண்டு செய்திகள் ஹூ ஷியின் வாசிப்போடு எளிதில் ஒட்டாதவை. நாவலின் தொடக்கமே பழங்காலப் பெண் அறிஞர் பான் ஜாவோ பெண்களுக்கு வகுத்த நால்வகை ஒழுக்கத்தை மேற்கோள் காட்டுகிறது. பெண் நாட்டின் ‘இளவரசர்’ யின் ருவோஹுவா சீனத்துக்கு வந்ததும் பெண்ணாகிவிடுகிறார். தலைகீழ் ஒழுங்கு எல்லை தாண்டி வருவதில்லை. 1918இலேயே இப்சனியம் பற்றி எழுதியிருந்த ஹூ ஷி, தம் காலத்துக் கேள்வியை இந்நாவலிலும் தேடியிருக்கலாம்.

எனக்கு எதிரான சான்றும் உண்டு. 12ஆம் அத்தியாயத்தில் பண்பாளர் நாட்டின் ஊ சகோதரர்கள் பாதம் கட்டுவதை எந்தத் தலைகீழ் உத்தியும் இல்லாமல் நேரடியாகவே கண்டிக்கிறார்கள். ஹூ ஷி தம் வாதத்தை அங்கே ஊன்றியிருந்தால் மறுப்பது கடினம்.

ஆண்டுக் கணக்கும் முடிந்தபாடில்லை. லி ருஜெனின் பிறப்பு (1763 வாக்கில்), இறப்பு (1830 வாக்கில்) இரண்டுமே கணிப்புகள். அவருடைய ஒலியியல் நூல் 1810இல் அச்சேறியது. நாவலின் சூசோ அச்சு 1818 வாக்கில் வந்தது. ஆனால் அச்சு வரிசையை எழுத்து வரிசையாகக் கொள்ள முடியாது. பெண் நாட்டு அத்தியாயங்கள் ஒலியியல் நூலுக்கு முன்பே எழுதப்பட்டவை என்று தெரிந்தால், என் ‘ஃபான்ச்சியே’ ஊகத்தை நானே முதலில் கைவிட நேரும்.